பீலியில் ஒரு நீர்நாய்

1

பத்து வருடம் வேலை பார்த்ததற்கு எனக்கு ஒரு எலி கொடுத்தார்கள்.

பஞ்சு அடைத்த எலி. பழுப்பு நிறம், குட்டைக் காது, வயிற்றை அமுக்கினால் கீச்சென்கிறது. மேலாளர் மார்ட்டின் அதை இரண்டு கைகளிலும் ஏந்தி வந்து என் மேசைமேல் வைத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் சேர்ந்து தட்டினேன். தட்டுவது எனக்காகத்தான் என்பது கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது. கூடவே சட்டம் போட்ட சான்றிதழ் ஒன்று. அதில் என் பெயர் வெள்ளையம்மா என்று இருந்தது.

பெயர் விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு வீட்டில் வைத்த பெயர் வள்ளியம்மா. பிறப்பைப் பதியப் போன அப்பா, சிங்களம் மட்டும் தெரிந்த எழுத்தரிடம் பெயரைச் சொன்னார். அவர் தன் காதில் விழுந்ததை எழுதினார். அப்பா பெருவிரலை வைத்துவிட்டு வந்துவிட்டார். பிறகு பள்ளிக்கூடம், அடையாள அட்டை, கடவுச்சீட்டு, விசா எல்லாம் அந்த ஒரு தாளின் பின்னால் வரிசையாக வந்தன. எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசைக் குடியிருப்பிலேயே கறுப்பான பிள்ளை நான். ஒருமுறை திருத்தலாம் என்று இரத்தினபுரிக்குப் போனேன். பெயர் பிழை என்பதற்கு ஆதாரமாக, சரியான பெயர் போட்ட அரசாங்கப் பத்திரம் ஏதாவது கொண்டுவரச் சொன்னார்கள். அப்படி ஒன்று இருந்தால் நான் எதற்கு அங்கே போகிறேன்? வெள்ளையம்மாவாகவே விமானம் ஏறி, வெள்ளைக்காரர்கள் ஊரில் வந்து இறங்கினேன்.

2

நான் பார்க்கும் வேலையை ஊரில் உள்ளவர்களுக்கு விளக்குவது லேசில்லை. இங்கிலாந்தின் கிழக்குப் பக்கம் தரை தட்டையாகக் கிடக்கும். கண்ணுக்கெட்டிய தூரம் கோதுமை, வயலோரமாக வாய்க்கால். அந்த வாய்க்கால் கரையில் வளை தோண்டி வாழ்கிறது நீரெலி. பாதி நேரம் தண்ணீரில் நீந்தும், பாதி நேரம் கரையில் உட்கார்ந்து புல் தின்னும். வயலுக்குத் தெளிக்கும் மருந்து அதன் உடம்புக்குள் எந்தெந்த வழியாகப் போகும், போனால் என்ன கேடு வரும் என்று பார்த்துச் சொல்வதுதான் எங்கள் வேலை.

இதை அம்மாவிடம் தொலைபேசியில் முடிந்தவரை சுருக்கமாகச் சொன்னேன். "எலிக்கு மருந்து பட்டா என்ன ஆகும்னு பாக்குற வேலம்மா."

அம்மா அதை இன்னும் சுருக்கினார். மகள் லண்டனில் எலி மருந்து ஆபீசில் பெரிய வேலையில் இருப்பதாக லயம் முழுக்கச் சொல்லிவிட்டார். நான் லண்டனிலும் இல்லை, எலியைக் கொல்லவும் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு முறை ஊருக்குப் போகும்போதும் யாராவது ஒருவர் வந்து, "வெளிநாட்டு எலி மருந்து நல்லா கேக்குமாமே, ஒரு பாக்கெட்டு கொண்டாந்தியா?" என்று விசாரிக்காமல் விடுவதில்லை.

மருந்து என்ற சொல்லால் எனக்கு இங்கேயும் நிம்மதி இல்லை. எங்கள் தோட்டத்தில் தலைவலிக்குக் குடிப்பதும் மருந்து, புல்லுக்கு அடிப்பதும் மருந்து. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கூட்டத்தில், விவசாயி வாரம் ஒருமுறை வயலுக்கு மெடிசின் கொடுக்கிறார் என்று சொல்லிவிட்டேன். வயலுக்கு என்ன நோய் என்று மார்ட்டின் அக்கறையாகக் கேட்டார். பத்து வருடமாகியும் அவசரத்தில் எனக்கு அந்தச் சொல்தான் வாயில் வருகிறது.

எங்கள் அலுவலகத்தின் தீராத தலைவலி படிவம். தரையில் வாழும் பிராணிக்கு ஒன்று, தண்ணீரில் வாழ்வதற்கு ஒன்று என்று இரண்டு இருக்கின்றன. தரைப் படிவத்தில் நீரெலி வெறும் எலி, அது நனைவதே இல்லை. தண்ணீர்ப் படிவத்தை நிரப்ப வேண்டுமானால் அது மீனாக இருக்க வேண்டும். இரண்டிலும் வாழ்கிற பாலூட்டிக்கு மூன்றாவது படிவம் செய்கிறோம், செய்துகொண்டே இருக்கிறோம். நனைந்த மயிரை நீரெலி ஒரு நாளில் எத்தனை தடவை நக்கும் என்ற ஒரே கேள்வியில் எங்களுக்கு இரண்டு முழு நாட்கள் போயின. தெளிவாக எதுவும் முடிவாகவில்லை. பிஸ்கட் மட்டும் தீர்ந்தது.

அந்தக் கூட்டத்தில் எனக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது. அவர் தோட்டத்தில் மருந்து டாங்கி சுமந்தவர். வேலை முடிந்து வரும்போது டாங்கியைப் பீலியில் கழுவுவார். அதே பீலியில் குளிப்பார். அதற்குக் கீழே நாங்கள் குடத்தோடு காத்திருப்போம். அப்பா எத்தனை தடவை நனைந்தார் என்று யாரும் ஒரு நிமிடம்கூடக் கூட்டம் போட்டதில்லை. எனக்கு அன்றைக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாததால் இன்னொரு பிஸ்கட் எடுத்துக்கொண்டேன்.

3

பீலி என்றால் மலையிலிருந்து வரும் தண்ணீரைக் குழாயிலோ தகரத்திலோ பிடித்துக் கொட்டவிடும் இடம். எங்கள் லயத்துக்குக் குடிக்க, குளிக்க, துவைக்க, சண்டை போட எல்லாவற்றுக்கும் அதுதான். என் மகள் நிலாவுக்குப் பதினொரு வயது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில், அம்மாவின் ஊரில் பீலியில் குளிப்பார்கள் என்று எழுதிக் கொடுத்தாள். பீலி என்றால் மயிலிறகு, அதில் குளிக்க முடியாது என்று சிவப்பு மையில் திருத்திக் கொடுத்துவிட்டார் டீச்சர். டீச்சர் யாழ்ப்பாணம். அவர் சொன்னது அகராதிப்படி சரி. அன்றிலிருந்து நிலா என் தமிழை நம்புவதில்லை. நான் எது கேட்டாலும் ஆங்கிலத்தில் பதில் வரும். தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பாள், பொருள் கேட்டால் தோளைக் குலுக்குவாள்.

எலி கிடைத்த அதே வாரத்தில்தான் அம்மாவின் காலைப் பார்த்தேன். வீடியோவில் பேசும்போது அம்மா எப்போதும் தன் நெற்றியை மட்டும் காட்டுவார். அன்றைக்குத் தம்பி சிவா போனைப் பிடுங்கிக் கீழே காட்டினான். பலாங்கொடையில் த்ரீவீல் ஓட்டுகிறான் அவன், அம்மாவோடுதான் இருக்கிறான். அம்மாவின் பாதம் இரண்டும் தோல் உரிந்து சிவந்து கிடந்தன.

"சேத்துப்புண்ணுடி, போனை எடுறா அங்கிட்டு" என்றார் அம்மா.

"சேத்துப்புண்ணு இல்லக்கா. பீலிக்கு மேல பழைய தேயிலைய புடுங்கிட்டு கன்னு வச்சிருக்காங்க. வாராவாரம் புல்லுக்கு மருந்து அடிக்கிறாங்க. மழ பேஞ்சா எல்லாம் பீலிக்குத்தான் வருது. லயத்துல பாதிப் பேருக்கு இப்படித்தான். தோட்டத்த நடத்துற சின்னதொரகிட்ட சொன்னோம். வேற எடத்துல குளிங்கன்னுட்டாரு. வேற எடம் எங்கக்கா இருக்கு?"

என்னோடு வந்து இருங்கள் என்று அம்மாவிடம் அழாத குறையாகக் கேட்டேன். அங்கே பீலி உண்டா என்று கேட்டார். ஷவர் உண்டு என்றேன். அதில் நின்றால் யாரோடு பேசுவது என்றார்.

ஊரில் நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் அரசாங்க அலுவலகத்துக்கு அம்மாவைப் பற்றி ஒரு கடிதம் எழுதினேன். இத்தனை வருடம் எழுதிப் பழகிய கை. எந்த மருந்து, எந்தச் சரிவு, எத்தனை குடும்பம், எந்த வழியாகத் தண்ணீருக்கு வருகிறது என்று ஒன்றுவிடாமல் எழுதினேன். தோட்டத்துக்குள் நடப்பது தோட்டத்தின் விஷயம் என்று பதில் வந்தது. இரண்டாவது கடிதத்தைத் தண்ணீரைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகத்துக்கு எழுதினேன். தண்ணீர் எங்களுடையது, ஆனால் மேலே உள்ள நிலம் எங்களுடையதல்ல, ஆகவே தங்கள் கடிதம் உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது என்றார்கள். அந்த உரிய பிரிவு, முதலில் பதில் போட்ட அதே அலுவலகம். தரைக்கு ஒரு படிவம், தண்ணீருக்கு ஒரு படிவம். இதைச் செய்யத்தான் நான் கடல் தாண்டி வந்தேனா என்று இருந்தது.

4

யோசனை சொன்னது மார்ட்டின். அதை அவர் யோசனை என்று நினைத்துச் சொல்லவில்லை. நான் புலம்புவதைக் கேட்டுவிட்டு, "உங்கள் ஓடையில் நீர்நாய் இருக்கிறதா?" என்று கேட்டார். மனிதருக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது அவருக்கு, பிராணிகளைப் பற்றித்தான் விசாரிப்பார். ஆனால் எனக்குப் பொறி தட்டியது. அம்மாவுக்கு இல்லாத சட்டம் நீர்நாய்க்கு இருக்கும்.

உடனே சிவாவுக்குச் செய்தி அனுப்பினேன்: ஓடையில் நீர்நாய் இருக்கிறதா, இருந்தால் படம் எடுத்து அனுப்பு.

அரை மணியில் படம் வந்தது. எங்கள் லயத்து நாய் டைகர், ஓடையின் நடுவில் காதுவரை நனைந்து, உலகத்தையே வெறுத்துக்கொண்டு நின்றது. அதன் கழுத்தைப் பிடித்திருந்த சிவாவின் கையும் தெரிந்தது. கீழே எழுதியிருந்தான்: "எறங்கவே மாட்டேங்குது அக்கா. போதுமா?"

கூப்பிட்டுத் திட்டினேன். "நீர்நாய்டா! மீன் திங்கும், நீளமா இருக்கும்."

"அட, தியபல்லாவா? அப்படிச் சொல்ல வேண்டியதுதானே! நீர்நாய்னா தண்ணியில நிக்கிற நாய்னு நெனச்சேன்."

தியபல்லா என்றால் சிங்களத்தில் தண்ணீர் நாய்தான். அந்தத் தண்ணீர் நாய் அவனுக்குப் புரிந்தது, இந்தத் தண்ணீர் நாய் புரியவில்லை. எங்கள் பக்கத்துத் தமிழ் அப்படி.

நீர்நாய் ஆளைக் கண்டால் ஒளிந்துகொள்ளும். அதனால் அதைத் தேட வேண்டாம், ஓடைக் கல்மேல் அது போடும் எச்சத்தைத் தேடு என்றேன். தினமும் காலையில் நான் அலுவலகத்தில் ரொட்டியைக் கடிக்கும் நேரத்துக்குச் சரியாகப் படங்கள் வந்து சேரும். ஆட்டுடையது, கீரியுடையது, ஒருமுறை சந்தேகமில்லாமல் மனிதருடையது.

"அக்கா, நான் பீய படம் புடிச்சுக்கிட்டுத் திரியிறேன்னு ஊரே சிரிக்குது" என்றான்.

ஒன்பதாவது நாள் ஒரு படத்தில் நண்டு ஓடு தெரிந்தது. மீன் செதில் மினுங்கியது. உடனே கூப்பிட்டேன்.

"சிவா, குனிஞ்சு மோந்து பாரு."

"அக்கா!"

"அம்மாவுக்காகடா."

அவன் மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு வியப்போடு சொன்னான். "மீன் வாடதான். ஆனா அதுக்குள்ள மல்லிகப்பூ போட்ட தேயில மாதிரி ஒரு வாசம் வருதுக்கா. நம்ம பெக்டரி டஸ்ட் தேயிலய விட நல்லா இருக்கு."

நீர்நாயேதான். படத்தைப் பெரிய திரையில் போட்டேன். அலுவலகமே கூடிவிட்டது. அழகு என்றார் மார்ட்டின். என் திருமணப் படத்தைக் காட்டியபோது அவர் அப்படிச் சொல்லவில்லை.

மூன்றாவது கடிதத்தில் அம்மாவைப் பற்றி ஒரு வரியும் இல்லை. நீர்நாய் என்ன தின்னும், எங்கே நீந்தும், நனைந்த மயிரை நக்கும்போது மருந்து எப்படி வயிற்றுக்குப் போகும் என்று எழுதி, எச்சத்தின் படத்தை இணைத்து அனுப்பினேன். வனவிலங்குகளைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகத்திலிருந்து ஒரு வாரத்தில் ஜீப் வந்தது. ஜீப்பிலிருந்து இறங்கிய அதிகாரி, "மெஹே தியபல்லோ இன்னவாத?" என்று, இங்கே நீர்நாய் இருக்கிறதா எனச் சிங்களத்தில் கேட்டாராம். "இன்னவா மாத்தியா", இருக்கிறது ஐயா, என்று சிவா அவரைக் கையைப் பிடித்து அழைத்துப்போய்க் கல்லைக் காட்டினான். அவரும் குனிந்து மோந்து பார்த்தாராம். ஓடைக்கு இரண்டு பக்கமும் மருந்து அடிக்கக் கூடாது என்று தோட்டத்துக்கு உத்தரவு போட்டார்கள். பீலிக்குப் பக்கத்தில் மூன்று மொழியிலும் ஒரு பலகை நட்டார்கள். அம்மா இத்தனை காலம் அந்தத் தண்ணீரில் நின்றதை ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. நண்டு ஓட்டைப் பார்க்க மட்டும் ஜீப் வந்தது. சந்தோஷப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை. சந்தோஷப்பட்டேன்.

5

இரண்டு மாதம் கழித்து அம்மா ஒரு படம் அனுப்பச் சொன்னதாகச் சிவா பலகையைப் படம் எடுத்து அனுப்பினான். பலகைக்கு மாலை போட்டிருந்தது. அடியில் குங்குமம் வைத்த கல், எலுமிச்சம்பழம், கற்பூரம் எரிந்த கறுப்பு. நீர்நாய்க்கு எதற்கு மாலை? எங்கள் ஆட்கள் நன்றியுள்ளவர்கள்தான், ஆனால் இந்த அளவுக்கா?

நிலா எட்டிப் பார்த்தாள். தமிழைக் கண்டதும் பழக்கதோஷத்தில் எழுத்துக் கூட்ட ஆரம்பித்தாள்.

"நீ... ர்... தா... ய். நீர்தாய் வாழும் இடம்."

"நாய்" என்றேன்.

"தா, அம்மா. நா இல்ல. நல்லாப் பாருங்க. அதோட இது பிழை. நடுவில ஒரு த் வரணும். நீர்த்தாய். டீச்சர் சொல்லித் தந்தாங்க" என்றாள், வழக்கம்போல் ஆங்கிலத்தில்.

பார்த்தேன். தாதான். என்ன இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும், அதனால் அதையே வாசித்திருக்கிறேன். பொருள் தெரியாத பிள்ளை, இருப்பதை வாசித்துவிட்டாள். பலகை எழுதியவருக்குத் தமிழ் தெரியாது. யாரோ எழுதிக் கொடுத்ததைப் பார்த்து வரைந்திருக்கிறார். ந அவர் கையில் த ஆகிவிட்டது.

அம்மாவைக் கூப்பிட்டேன்.

"அரசாங்கமே எழுதிப் போட்டிருக்குடி" என்றார் அம்மா. "நீர்த்தாய் வாழும் இடம், மருந்து அடிக்கத் தடைன்னு. இத்தன வருஷமா அவ இங்க இருந்தது நமக்குத் தெரியல பாரு. மருந்து அடிக்கிற பயலுக இப்ப அந்தப் பக்கம் தலவச்சுப் படுக்கிறதில்ல. சின்னதொரகூட சப்பாத்தக் கழட்டிட்டுத்தான் வாராரு."

"கால் எப்படிம்மா இருக்கு?"

அம்மா போனைக் கீழே இறக்கிக் காட்டினார். தோல் ஆறியிருந்தது. பாதத்தில் அவருடைய பழைய நிறம் திரும்பியிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. நிலா முதலில் என்னைப் பார்த்தாள், பிறகு திரையைப் பார்த்தாள். பிறகு தமிழில், "அம்மாயி, கால் நோகுதா?" என்று கேட்டாள்.

"இல்லடா தங்கம். ஆத்தா பாத்துக்கிட்டா."

6

கற்பூரமும் மணிச்சத்தமும் ஆள் நடமாட்டமும் நீர்நாய்க்கு ஆகாது. அது ஓடையில் மேலே எங்கோ போய்விட்டது. சிவா பல நாள் தேடியும் புது எச்சம் இல்லை. சின்னதுரை சும்மா இருப்பாரா? பலகையில் எழுத்துப் பிழை இருக்கிறது, அதை வைத்துத் தோட்டத்துக்குள் கோயில் கட்டுகிறார்கள் என்று வனவிலங்கு அலுவலகத்துக்கு எழுதிப்போட்டுவிட்டார்.

அந்த அலுவலகத்தில் தமிழ் தெரிந்தவர் இல்லை. இருந்த ஒருவரும் மாற்றலாகிப் போய்விட்டாராம். ஆகவே, முறைப்பாடு செய்தவர் என்ற முறையிலும் துறை நிபுணர் என்ற முறையிலும் எனக்கே ஒரு படிவம் மின்னஞ்சலில் வந்தது. பலகையின் படம், கீழே ஒரே ஒரு கேள்வி: தமிழ்ச் சொல் சரியா, பிழையா? பிழை என்றால் பலகையைக் கழற்றிக்கொண்டு போவார்கள். திரும்ப நடுவதற்கு முன்னால் நீர்நாய் இருக்கிறதா என்று மறுபடி பார்ப்பார்கள். இல்லையென்றால் பலகை வராது. தடையும் இருக்காது.

சிவா போனில் கெஞ்சினான். "அக்கா, ஒரு எழுத்துதானே?"

ஒரு எழுத்துதான். நான் வாழ்நாளில் ஒரு படிவத்தில்கூடப் பொய் எழுதியதில்லை. பஞ்சு எலியை மேசைமேல் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தேன். பிறகு, ஒரு நிபுணர் என்ற முறையில் ஆதாரங்களைப் பார்த்தேன்.

அந்த இடத்தில் ஒரு பாலூட்டி வாழ்கிறது. பாதி நேரம் தரையில், பாதி நேரம் தண்ணீரில். அந்தத் தண்ணீரையே குடிக்கிறது. கரையில் முளைக்கும் கீரையைத் தின்கிறது. தோல் நனைந்தபடி நின்று பேசிக்கொண்டே இருக்கிறது. இடம்பெயர மறுக்கிறது. தினமும் காலையில் கண்ணால் கண்ட சாட்சி இருக்கிறது. அதற்கு மருந்தால் கேடு வந்ததற்கும், மருந்து நின்றதும் ஆறியதற்கும் படங்கள் இருக்கின்றன. நான் அனுப்பிய முதல் இரண்டு கடிதங்களும் இந்தத் தாயைப் பற்றித்தான் இருந்தன. பதில் கொஞ்சம் தாமதமாகப் பலகையில் வந்திருக்கிறது.

சரி என்ற கட்டத்தில் கோடு போட்டேன். குறிப்பு எழுதும் இடத்தில், நடுவில் ஒரு 'த்' விடுபட்டிருக்கிறது, பலகையைக் கழற்றாமல் அந்த இடத்திலேயே சேர்த்துவிடவும் என்று எழுதினேன். அது நிலாவின் திருத்தம்.

கீழே முழுப் பெயர் கேட்டிருந்தது. வெள்ளையம்மா என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.